கைநாட்டு – 14: அம்மாவின் மோதிர விரல்

ஹேவாஹெட்ட மலைகளில் மாலை நாலரைக்கெல்லாம் பனி இறங்கத் தொடங்கிவிடும். அம்மா அந்திக் கொழுந்தை மடுவத்தில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தார். கூடையை லயத்துச் சுவரோரம் கவிழ்த்தார், இடுப்புப் படங்கை அவிழ்த்துக் கொடியில் போட்டார், இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்தார். கொழும்பிலிருந்து நான் வாங்கிப் போயிருந்த புதிய போனை அவர் கையில் கொடுத்தேன்.

“பெருவிரலை இதில வைங்கம்மா. எடுங்க. திரும்ப வைங்க.”

திரையில் ஒரு ரேகைப் படம் கோடு கோடாக நிறைய வேண்டும். பாதிகூட நிறையவில்லை. ‘மீண்டும் முயலவும்’ என்றது போன். அம்மா விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு வைத்தார். மறுபடியும் அதே பதில். வெந்நீரில் கழுவி வரச் சொன்னேன். கழுவி வந்தார். ஆட்காட்டி விரல், வலது கை, இடது கை என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தோம்.

கடைசியில் அந்தப் பெருவிரலைப் பிடித்து விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். நுனியெல்லாம் தேயிலைச் சாறு ஊறிக் கறுத்திருந்தது. குறுக்கே நாலைந்து வெடிப்புகள், அவற்றுக்குள்ளும் கறை. சுழியும் வளைவும் இருக்க வேண்டிய இடம் தேய்ந்த அம்மிக்கல் மாதிரி மழமழவென்று கிடந்தது.

“என்னா மகன், இதுக்கு என்னைய அடையாளம் தெரியலையா?” என்று கேட்டார் அம்மா.

பதின்மூன்று அத்தியாயங்களாக நான் எழுதிவரும் கேள்வியை அம்மா ஒரே வரியில் கேட்டுவிட்டார்.

இதுவரை

தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கோப்பிக்கும் தேயிலைக்கும் வந்தவர்களை இன்னார் என்று குறித்து வைக்கத் தோட்டத்துரைமார் கண்ட வழிகளைத் தொடர்ந்து பார்த்து வருகிறோம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோட்டத்தின் எழுத்தும் எண்ணும் பொறித்த தகர வில்லையோடு நம் முன்னோர் கடல் கடந்தார்கள். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால், பட்ட கடனைக் குறித்த ‘துண்டு’ என்ற சீட்டு வேண்டியிருந்தது. ஆளோடு சேர்ந்து கடனும் கைமாறியது. அந்தத் துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழிக்க 1921 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தகரம் துருப்பிடிக்கும், காகிதம் கிழியும். கிழியாத, தொலையாத ஓர் அடையாளம் மனித உடம்பிலேயே இருப்பதை ஆட்சியாளர்கள் கண்டுகொண்ட கதை இந்த அத்தியாயம். அந்தக் கதை நம் மடியில் கிடக்கும் போன்வரை நீள்கிறது.

ஜங்கிபூரில் ஒரு கை

1858 ஜூலை 28. வங்காளத்தின் ஜங்கிபூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற இளம் ஆங்கிலேய அதிகாரி, சாலைக்குச் சரளை போடும் ஒப்பந்தம் ஒன்றை ராஜ்யதர் கோனாய் என்பவரோடு எழுதினார். பின்னால் ‘இது என் கையெழுத்தே இல்லை’ என்று அவர் மறுத்துவிடுவாரோ என்ற அச்சம் ஹெர்ஷலுக்கு இருந்தது. கோனாயின் உள்ளங்கை முழுவதிலும் மை தடவி, ஒப்பந்தத்தின் பின்புறத்தில் அழுத்திப் பதித்துக்கொண்டார்.

ஆளை மிரட்டி வைக்கத் தொடங்கிய வேலை பிறகு ஆராய்ச்சியானது. ஆண்டுகள் கழித்தும் ஒருவருடைய ரேகை மாறுவதில்லை என்பதை ஹெர்ஷல் கவனித்தார். 1877இல் ஹூக்ளி மாவட்டத்தில் ஓய்வூதியம் வாங்குவோரிடமும், பத்திரம் பதிவோரிடமும், சிறைக் கைதிகளிடமும் விரல் ரேகை வாங்கும் வழக்கத்தைக் கொண்டுவந்தார். ஜப்பானில் இருந்த ஹென்றி ஃபோல்ட்ஸ் என்ற மருத்துவர், குற்றவாளியை ரேகை கொண்டு கண்டுபிடிக்கலாம் என்று 1880இல் ‘நேச்சர்’ இதழுக்கு எழுதினார். 1892இல் ஃபிரான்சிஸ் கால்ட்டன் விரல் ரேகை பற்றித் தனி நூலே வெளியிட்டார்.

அதே 1892இல்தான் நம் மலையில் ஜேம்ஸ் டெய்லர் இறந்தார். பதினாறு வயதில் ஸ்கொட்லாந்திலிருந்து வந்து, 1867இல் ஹேவாஹெட்டப் பகுதியின் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டவர் அவர். இலங்கையின் முதல் வணிகத் தேயிலை அது. அந்த 7ஆம் இலக்க மலை இன்றும் இருக்கிறது. டெய்லரின் கல்லறை கண்டி மஹய்யாவ மயானத்தில் இருக்கிறது. அவர் பிறந்த நாளும், அவர் உட்கார்ந்த கல்லாசனமும்கூட நமக்குத் தெரியும். அந்த 19 ஏக்கரில் குழி வெட்டி நாற்று நட்டவர்களின் பெயர்கள் நம் பாடப் புத்தகங்களில் இல்லை. அவர்கள் விட்டுப்போன ஒரே அடையாளம் அந்த மலைதான்.

தேயிலைத் தோட்டத்தில் ஓர் இரத்தக் கறை

விரல் ரேகை உலக நீதிமன்றங்களுக்குள் நுழைந்த வழியிலும் ஒரு தேயிலைத் தோட்டம் இருக்கிறது.

1897இல் கல்கத்தாவில் ரேகைகளை வகைப்படுத்தும் பணியகம் அமைந்தது. அந்த முறைக்கு எட்வர்ட் ஹென்றி என்ற பொலிஸ் தலைவரின் பெயர் நிலைத்துவிட்டது. கணக்குப் போட்டு அதை வடிவமைத்தவர்கள் அவருக்குக் கீழே பணிபுரிந்த அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு வங்காளிகள். பத்து விரல்களின் சுழிகளைக் கொண்டு 1,024 பிரிவுகள் வகுத்தார்கள். எந்தத் தாளையும் தேவைப்பட்ட உடனே அதனதன் அறையிலிருந்து எடுத்துவிட முடிந்தது.

அதே ஆண்டில் ஜல்பாய்குரி மாவட்டத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் மேலாளர் கழுத்தறுத்துக் கொல்லப்பட்டார். பெட்டி உடைக்கப்பட்டிருந்தது. உள்ளே கிடந்த வங்காளப் பஞ்சாங்கம் ஒன்றின் மேல் பழுப்பு நிறக் கறை ஒன்று தெரிந்தது. பெரிதாக்கிப் பார்த்தபோது அது இரத்தம் தோய்ந்த ஒரு பெருவிரலின் பதிவு. கல்கத்தாவில் அடுக்கி வைத்திருந்த தாள்களோடு ஒப்பிட்டதில், முன்பு அங்கே வேலைக்காரனாக இருந்து திருட்டுக்காகச் சிறை போன காங்காலி சரண் என்பவனின் ரேகையோடு அது பொருந்தியது.

1898இல் தீர்ப்பு வந்தது. திருட்டுக்குத் தண்டனை விதித்தார்கள், கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தார்கள். அந்தப் பெட்டியை அவன் தொட்டான் என்பதை ரேகை சொல்லும், கழுத்தை அறுத்தது யார் என்று சொல்லாது என்பதை நீதிமன்றம் பிரித்துப் பார்த்தது. நூற்றாண்டு கடந்தும் நாம் மறக்கக் கூடாத நிதானம் இது. எந்த ரேகையும் ‘இந்த விரல் இங்கே பட்டது’ என்ற ஒன்றைத்தான் சொல்லும்.

பத்து விரல்களும் தர மறுத்தவர்கள்

குற்றவாளிகளுக்கென்று செம்மைப்பட்ட முறை விரைவிலேயே ஏழைகள் மீதும் குடியேறிகள் மீதும் திரும்பியது. 1906இல் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில், ஆசியர்கள் எல்லாரும் பத்து விரல் ரேகைகளையும் கொடுத்துப் பதிய வேண்டும் என்ற சட்டம் புறப்பட்டது. அந்த ஆண்டு செப்டம்பர் 11ஆம் திகதி ஜொஹன்னஸ்பர்க்கின் எம்பயர் அரங்கில் கூடியவர்கள் அதற்குப் பணிய மாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். சத்தியாக்கிரகம் பிறந்த நாள் அது. மொரிஷியஸிலிருந்து போன தம்பி நாயுடு முதல் வரிசையில் நின்றார். தமிழர்கள் கூட்டம் கூட்டமாகச் சிறை போனார்கள்.

இந்தக் கதையின் அடுத்த பகுதியைப் பலர் சொல்வதில்லை. 1908 தொடக்கத்தில், சட்டத்தின் கட்டாயம் நீங்கினால் தாமாக முன்வந்து ரேகை தருகிறோம் என்று காந்தி உடன்பட்டார். சொன்னபடி பதியவும் போனார். அரசு தன் வாக்கைக் காப்பாற்றவில்லை என்றதும், அதே ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் திகதி பதிவுச் சான்றிதழ்களைக் கொப்பரையில் போட்டுக் கொளுத்தினார்கள். விரலில் மை படுவதை அவர்கள் எதிர்க்கவில்லை. கையைப் பிடித்து வாங்குகிற கைநாட்டைத்தான் எதிர்த்தார்கள்.

நம் மலையில் அப்படி மறுக்க வழி இருக்கவில்லை. காலையில் பெரட்டுக்களத்தில் நின்று பேர் கொடுக்க வேண்டும். கணக்கப்பிள்ளை செக்ரோலில் பேர் போட்டால்தான் அன்றைய கூலி. சம்பள நாளில் மைப்பெட்டியில் பெருவிரலைத் தொட்டு வைக்க வேண்டும். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கத் தெரியாத கை அது. 1948இல் குடியுரிமை பறிபோனது. பிறகு 1949 குடியுரிமைச் சட்டத்தின் விண்ணப்பங்களிலும், 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிந்திய விண்ணப்பங்களிலும் அதே பெருவிரல்கள் பதிந்தன. இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர் என்று ஆட்களைப் பங்கு போட்டுக்கொண்ட ஒப்பந்தம் அது. எங்கள் லயத்திலேயே ஒரு வீடு இந்தியாவுக்கும் அடுத்த வீடு இலங்கைக்கும் ரேகை வைத்தன. எழுதத் தெரியாதவரைக் ‘கைநாட்டு’ என்று பேர் சொல்லி இளக்காரம் செய்த காலமும் அதுதான். ரேகை வைத்தவரிடம் ரேகை தங்கவில்லை. துரையின் மேசைக்கும், பொலிஸ் அலமாரிக்கும், அமைச்சின் கோப்புக்கும் போய்ச் சேர்ந்தது.

ரேகை உடையவரிடமே தங்கிய காலம்

2004இல் கொரியாவின் பான்டெக் நிறுவனம் ரேகை வாசிக்கும் கைபேசியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2011இல் மோட்டரோலா தன் அட்ரிக்ஸ் போனின் முதுகில் அதை வைத்தது. இரண்டும் பரவலாகவில்லை. ரேகை உணரி செய்யும் ஆதென்டெக் நிறுவனத்தை ஆப்பிள் 2012இல் 35.6 கோடி டொலருக்கு வாங்கியது. 2013 செப்டம்பரில் வந்த ஐபோன் 5எஸ்ஸுக்குப் பிறகுதான் உலகம் விரலால் போன் திறக்கப் பழகியது.

மலையகத்தின் பிள்ளையாக இந்த மாற்றத்தை நான் மனதார வரவேற்கிறேன். நல்ல போன்களில் பதியும் ரேகை படமாகச் சேமிக்கப்படுவதில்லை. கோடு எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகக் கிளைக்கிறது என்ற கணக்கு மட்டும் போனுக்குள் தனியாகப் பூட்டிய ஒரு பகுதியில் இருக்கும். கம்பனிக்கும் போகாது, அரசுக்கும் போகாது. ஜங்கிபூரில் தொடங்கி ஒன்றரை நூற்றாண்டாக இன்னொருவருடைய பெட்டியைப் பூட்டிய ரேகை, முதல்முறையாக அதை உடையவரின் பெட்டிக்கே சாவியானது. வசதியும் கொஞ்சமல்ல. மழையில் ஒரு கையில் குடையும் மறு கையில் பிள்ளையுமாக நிற்கும் தாய், எண்ணை அமுக்காமல் விரலை வைத்தால் போதும்.

அந்தச் சாவியின் பலவீனமும் உடனே வெளிப்பட்டது. ஐபோன் 5எஸ் வந்த சில நாட்களிலேயே ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் அதை ஏமாற்றிக் காட்டியது. கண்ணாடியில் பதிந்த ரேகையைப் படமெடுத்து, மெல்லிய பசையில் அச்சு வார்த்து, அதைத் தங்கள் விரலில் ஒட்டித் திறந்தார்கள். 2011இல் ஆண்ட்ராய்டில் வந்த முகத் திறப்பு ஒரு புகைப்படத்தைக் காட்டினாலே ஏமாந்தது. 2017இல் வந்த ஐபோன் எக்ஸ், முகத்தின் மேல் 30,000க்கும் மேற்பட்ட அகச்சிவப்புப் புள்ளிகளை வீசி மேடுபள்ளத்தையே அளந்ததால் அந்தக் குறை பெரிதும் தீர்ந்தது. 2019இல் சாம்சங் எஸ்10 போன்களில் சில வகைத் திரை உறைகளைப் போட்டால் யார் விரலுக்கும் போன் திறந்தது. அதை மென்பொருளால் திருத்த வேண்டியிருந்தது.

இந்தக் குறைகளைவிடப் பெரிது ஒன்று உண்டு. கடவுச்சொல் களவு போனால் மாற்றலாம், விரலை மாற்ற முடியாது. 2015இல் அமெரிக்க அரசு ஊழியர் அலுவலகத்திலிருந்து 56 இலட்சம் பேரின் ரேகைகள் திருட்டுப் போயின. ரேகையை ஒரே இடத்தில் குவித்து வைப்பதற்கும் அவரவர் போனில் வைப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்த நிகழ்வு உலகத்துக்குக் காட்டியது.

உரியவரையே மறுக்கும் பிழை

இப்போது அம்மாவின் விரலுக்கு வருவோம்.

இந்தக் கருவிகள் இரண்டு விதமாகப் பிழை செய்யும். அந்நியரை உரியவர் என்று நம்புவது ஒன்று. உரியவரையே அந்நியர் என்று தள்ளுவது மற்றது. ‘வேறொருவர் விரலுக்குத் திறக்கும் வாய்ப்பு 50,000இல் ஒன்று, முகத்துக்கு 10 இலட்சத்தில் ஒன்று’ என்று ஆப்பிள் சொன்னதெல்லாம் முதல் வகைப் பிழையின் கணக்கு. விளம்பரங்களில் வருவதும் அதுதான். தோட்டத் தொழிலாளியின் வாசலில் வந்து நிற்பது இரண்டாவது.

காரணம் எளிது. போனில் உள்ள உணரி, தோலின் மேட்டையும் பள்ளத்தையும் பிரித்தறிந்துதான் படம் எழுதுகிறது. மேடு தொடும் இடத்தில் மின்னூட்டம் ஒரு மாதிரியும், பள்ளத்தில் நிற்கும் காற்றில் வேறு மாதிரியும் இருக்கும். திரைக்கு அடியில் வரும் சில உணரிகள் ஒளியாலும், சில செவிக்கெட்டா ஒலியாலும் அதே மேடுபள்ளத்தைத் தேடுகின்றன. மேடே தேய்ந்துவிட்டால் தேட என்ன இருக்கிறது? ஈரம் இருந்தால் பள்ளம் நிரம்பிவிடும். வறண்ட தோல் சரியாகத் தொடாது. வெடிப்பு, இல்லாத கோட்டை இருப்பதாகக் காட்டும். ஹேவாஹெட்டப் பனியில் காலையில் நனைந்து, பகல் வெயிலில் வறண்டு, குளிரில் வெடிக்கும் கைக்கு இந்த மூன்றும் ஒரே நாளில் நடக்கும்.

இதற்கு மேல் கொழுந்தின் வேலை இருக்கிறது. இரண்டு இலையும் ஒரு மொட்டுமான துளிர் ஏறத்தாழ ஒரு கிராம். ஒரு பேருக்கு 18 கிலோ என்றால் பதினெட்டாயிரம் துளிர். ஒரு கிள்ளலில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தாலும் ஆயிரக்கணக்கான முறை பெருவிரலும் ஆட்காட்டி விரலும் ஒன்றோடொன்று உரச வேண்டும். கசியும் சாறு காற்றுப் பட்டுக் கறுத்துத் தோலில் ஊறும். அம்மா நாற்பது வருடங்களுக்கு மேல் கொழுந்தெடுத்தவர்.

விரல் ரேகை கருவிலேயே உருவாகிவிடுகிறது. தாயின் வயிற்றில் ஆறாம் மாதத்துக்குள் கோடுகள் நிலைத்துவிடும். அதன் அச்சு மேல்தோலுக்கு அடியில் இருப்பதால், தேய்ந்த ரேகையும் கைக்கு ஓய்வு கிடைத்தால் சில வாரங்களில் திரும்ப முளைக்கும். எங்கள் அம்மாக்களின் ரேகை அழிந்து போகவில்லை. முளைக்க விடாமல் தினமும் தேய்க்கப்படுகிறது.

நீலகிரியில் அதே விரல்

இந்தத் துயரம் நம் மலையோடு நிற்கவில்லை. சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் பலர் நீலகிரிக்குப் போய், தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் அதே கொழுந்தைத்தான் எடுத்தார்கள். 2010 முதல் இந்தியாவில் ஆதார் அடையாள எண்ணுக்காகப் பத்து விரல்களும் இரண்டு கண்மணிகளும் பதியப்பட்டன. 2020 ஒக்டோபரில் தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் ரேகை வைத்துப் பொருள் வாங்கும் முறை வந்தது. உழைத்துத் தேய்ந்த விரல்களையும் முதியோர் விரல்களையும் கருவி ஏற்கவில்லை என்ற முறைப்பாடு எங்கும் எழுந்தது. பிறகு கண்மணி வாசிக்கும் கருவிகளும் கடைகளுக்கு வந்தன.

போன் திறக்காவிட்டால் கொஞ்சம் எரிச்சலோடு போய்விடும். ரேஷன் கருவி திறக்காவிட்டால் அடுப்பு எரியாது. இலங்கையிலும் 2015 ஓகஸ்ட் முதல் கடவுச்சீட்டுக்கு விரல் ரேகை வாங்குகிறார்கள். முகம், கண்மணி, விரல் ரேகை மூன்றும் கொண்ட டிஜிட்டல் அடையாளத் திட்டத்துக்கு, இந்திய மானியத்தோடு 2022 மார்ச்சில் உடன்பாடு கையெழுத்தானது. குடியுரிமைக்காக 2003 சட்டம் வரை காத்திருந்த சமூகம் எங்களுடையது. ஆகவே அந்தத் திட்டத்தைச் செய்வோரிடம் ஒன்றை வலியுறுத்திக் கேட்கிறேன். விரல் மறுக்கும் இடத்தில் இன்னொரு வாசல் திறந்திருக்க வேண்டும். அதைச் சட்டத்தில் எழுதி வைக்க வேண்டும். அலுவலரின் இரக்கத்துக்கு விட்டுவிடக் கூடாது.

அந்தப் பாடத்தைப் போன்களே நமக்குக் கற்றுத் தந்திருக்கின்றன. எந்தப் போனும் விரலை மட்டும் நம்பி நிற்பதில்லை. சில முறை தவறினால் இரகசிய எண்ணைக் கேட்கும். அணைத்துப் போட்டாலும் முதலில் எண்தான். பூட்டின் அடிச்சாவி அந்த எண், விரல் அதன் மேல் ஏறிய வசதி. ஒரு கைபேசிக்கு இருக்கிற இந்த முன்யோசனை ஓர் அரசுக்கும் இருக்க வேண்டும்.

அந்த மாலை

அன்று கடைசியில் அம்மாவின் இடது கையை விரித்து ஒவ்வொரு விரலாகப் பார்த்தேன். கொழுந்து கிள்ளும்போது பெருவிரலும் ஆட்காட்டி விரலும் நடுவிரலும்தான் உழைக்கின்றன. கிள்ளியதை உள்ளங்கையில் அணைத்துப் பிடிக்க மோதிர விரல் மடங்கிக் கிடக்கும். மடங்கிக் கிடந்ததால் அந்த ஒரு விரல் மட்டும் தப்பியிருந்தது. நுனியில் சின்னச் சின்ன வளையங்களாக, பாட்டி கொடுத்த ரேகை அப்படியே இருந்தது.

அதை வைத்தார். திரையில் கோடுகள் ஒவ்வொன்றாக நிறைந்தன. அம்மா திரையை அணைத்து, மறுபடி விரல் வைத்துத் திறந்தார். திரும்ப அணைத்தார், திரும்பத் திறந்தார். பக்கத்து வீட்டு அக்காவையும் கூப்பிட்டுக் காட்டினார்.

“முதல்ல நான் போட்ட நம்பரை இனி மாத்தணும்மா. விரலு பிடிக்காட்டி அதைத்தான் கேட்கும். நாலு இலக்கம் சொல்லுங்க, நான் போடுறேன்.”

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு போனை என் கையிலிருந்து வாங்கி, எனக்குத் தெரியாமல் லேசாகத் திரும்பிக்கொண்டு, மெதுவாக நாலு முறை தொட்டார்.

“போட்டுட்டேன்” என்றார்.

கழுத்தில் தகரம் தொங்கிய எங்கள் பூட்டியின் எண்ணைத் துரை எழுதி வைத்தார். பாட்டியின் பெருவிரலைக் கணக்கப்பிள்ளை எடுத்து மையில் தொட்டார். அம்மா போட்ட நாலு இலக்கம் என்னவென்று நான் இன்றுவரை கேட்டதில்லை.

(தொடரும்)

அடுத்த இதழில்: அடையாள அட்டை கேட்டு வந்த இரவுகள் – 1972க்குப் பிறகு மலையகத்தில் தேசிய அடையாள அட்டை.